ஐம்பது மணி நேரத்தை யாருக்குக் கொடுப்பது? கென்ட் ஸ்டேட் டைனஸ்டியின் முதல் ஆட்சேர்ப்பு சீசன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2024 சீசனில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 12 ஆட்டம் ஆடி 12-லும் தோற்றது. டென்னசியிடம் 71-0. அடுத்த வாரமே பென் ஸ்டேட்டிடம் 56-0. ஒரு படி கீழே உள்ள பிரிவிலிருந்து வந்த செயின்ட் ஃபிரான்சிஸ்கூட 23-17 என்று வென்றுவிட்டுப் போனது. அதற்கு முந்தைய ஆண்டும் அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்திருந்தது.

'ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25' என்ற வீடியோ விளையாட்டில் டைனஸ்டி தொடங்க நான் எடுத்தது இந்த அணியைத்தான். அதே ஆன்லைன் டைனஸ்டியில் என் நண்பர் ஒருவர் அக்ரன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு கல்லூரிகளும் ஒஹாயோ மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. இரண்டும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற அணிக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. 'வேகன் வீல்' என்ற கோப்பைக்காக ஒன்றோடொன்று மோதும் பழைய போட்டியாளர்கள். வசதியில் இரண்டுமே அடிமட்டம்தான். ஒரே நிலத்தில், ஒரே அளவு வறுமையில், ஆட்சேர்ப்பை இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்தோம். அதனால்தான் இதை ஒரு நிகழ்வு ஆய்வாக எழுதலாம் என்று தோன்றியது.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சில வரிகள். கல்லூரி ஃபுட்பால் வரிசையில் 2013-க்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் புது விளையாட்டு வரவில்லை. மாணவ வீரர்களின் உருவத்தைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தியது பற்றிய வழக்குகள்தான் காரணம். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. 2024 ஜூலையில் விளையாட்டு திரும்பி வந்தபோது சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்தார்கள். அப்போது மேல் பிரிவில் இருந்த 134 அணிகளும் அதில் இருக்கின்றன. டைனஸ்டி என்பது ஒரு கல்லூரியின் கோச்சாக இருந்து வருடக்கணக்கில் அணியை வளர்க்கும் பகுதி. களத்தில் பந்து விளையாடுவது அதில் பாதிதான். மீதிப் பாதி, பள்ளிக் கடைசி ஆண்டு மாணவர்களை நம் கல்லூரிக்கு வரச் சம்மதிக்க வைப்பது. எனக்குப் பிடித்தது அந்த மீதிப் பாதி.

பணமாக மாறிய நேரம்

இந்த விளையாட்டின் ஆட்சேர்ப்பில் டாலர் கிடையாது. மணி நேரம்தான் நாணயம். ஒவ்வொரு வாரமும் கல்லூரிக்கு இத்தனை மணி நேரம் என்று கொடுக்கப்படும். கல்லூரியின் மதிப்பு ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். அலபாமா, ஜார்ஜியா போன்ற பெரிய கல்லூரிகளுக்குக் கிடைப்பதில் ஒரு பகுதிதான் கென்ட் ஸ்டேட்டுக்குக் கிடைக்கும்.

செலவுப் பட்டியல் எல்லாருக்கும் ஒன்றே. ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்று சொல்ல 5 மணி நேரம். மாணவரின் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்க்க 5, நேரடியாகச் செய்தி அனுப்ப 10, குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் பேச 25. இருக்கிற ஆட்களையெல்லாம் ஒரே வீட்டுக்கு அனுப்புவது போன்ற பெரிய முயற்சிக்கு 50. மாணவர் யோசிக்கும் கல்லூரிகளின் பட்டியல் சுருங்கியபின் நம் கல்லூரியைப் பற்றி எடுத்துச் சொல்லும் வழிகள் திறக்கும்: மென்மையாகச் சொல்ல 20, அழுத்திச் சொல்ல 40, அவருடைய ஆசையையே நம் பக்கம் திருப்ப 30. வளாகத்துக்கு வரவழைக்க 40. ஒரு மாணவருக்கு வாரத்துக்குச் சாதாரணமாக 50 மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க முடியாது. நாம் குறிவைக்கும் மாணவர்களின் பலகையில் 35 பேர் வரை வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட வசதியாக ஒரு சிறிய கல்லூரிக்கு வாரம் 300 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் உள்ள 35 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்பது மணி நேரம்கூட முழுதாக வராது. ஒரு செய்தி அனுப்பவே 10 வேண்டும். மாறாக, ஆறு பேருக்கு மட்டும் முழு 50 கொடுக்கலாம். மற்ற 29 பேரும் நம்மிடமிருந்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு குடம் தண்ணீரைத் தெரு முழுக்கத் தெளிப்பதா, ஆறு செடிக்கு வேர்வரை ஊற்றுவதா என்பதுதான் கேள்வி.

நண்பர் முதல் வழியில் போனார். அதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருந்தது. யார் நம்மை விரும்புவார் என்று தெரியாதபோது எல்லோரையும் தொட்டுப் பார்ப்பதுதானே முறை என்றார். "டேய், ஆறு பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டு அந்த ஆறு பேரும் வேற எங்கயாவது போயிட்டா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஆறு பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் அதற்குப் பதில் இருக்கிறது. என் கருத்தில் இந்த முழு ஆட்டமும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் நம் கையில் என்ன இருக்கிறது

ஒவ்வொரு கல்லூரிக்கும் 14 விஷயங்களில் மதிப்பெண் உண்டு. களத்தில் இறங்க வாய்ப்பு, ஆட்ட பாணி, பட்டம் வெல்லும் வாய்ப்பு, கல்லூரியின் பாரம்பரியம், வளாக வாழ்க்கை, ஸ்டேடியத்தின் ஆரவாரம், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போகும் வாய்ப்பு, பிராண்ட் வெளிச்சம், படிப்பின் மதிப்பு, கான்ஃபரன்ஸின் மதிப்பு, கோச் நிலைத்திருப்பது, கோச்சின் பெயர், பயிற்சி வசதிகள், வீட்டுக்கு அருகாமை. ஒவ்வொரு மாணவருக்கும் இவற்றில் மூன்று முக்கியம். அது போக, 'இது இல்லையென்றால் வரவே மாட்டேன்' என்று ஒன்று தனியாக இருக்கும். அந்த ஒன்றில் நம் மதிப்பெண் குறைந்தால் கதவு பூட்டப்பட்டுவிடும்; எத்தனை மணி நேரம் கொட்டினாலும் திறக்காது.

இந்தப் பட்டியலைக் கென்ட் ஸ்டேட்டின் கண்ணால் படித்துப் பாருங்கள். பட்டம், பிராண்ட், பாரம்பரியம், கான்ஃபரன்ஸ் எல்லாம் கீழே. டிக்ஸ் ஸ்டேடியத்தில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். ஒரு லட்சம் பேர் கூடும் மைதானங்களோடு ஆரவாரத்தில் போட்டி போட முடியாது. ஆனால் இரண்டு விஷயங்கள் எந்த ஏழைக் கல்லூரிக்கும் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று களத்தில் இறங்க வாய்ப்பு. அணி பலவீனமாக இருப்பதால் வருகிறவருக்கு உடனே இடம் இருக்கும். அந்த மதிப்பெண் களத்தில் ஆடும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். இன்னொன்று வீட்டுக்கு அருகாமை. இது அணி வென்றாலும் தோற்றாலும் மாறாது. மாணவர் எங்கே பிறந்தார் என்பதைப் பொறுத்தது மட்டுமே.

இன்னொரு நல்ல காலம், ஒஹாயோ ஃபுட்பால் ஊறிய மாநிலம். தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கேன்டன், கென்ட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள். கிளீவ்லாந்து, அக்ரன், யங்ஸ்டவுன் எல்லாம் சுற்றிலும். திறமையில் உச்ச மதிப்பான ஐந்து ஸ்டார் பெற்ற மாணவர்களைக் கொலம்பஸில் இருக்கும் ஒஹாயோ ஸ்டேட் அள்ளிக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கத் தேவையும் இல்லை. அதற்கு அடுத்த அடுக்கில் ஒஹாயோ ஸ்டேட் கண்ணெடுத்தும் பார்க்காத மூன்று ஸ்டார், இரண்டு ஸ்டார் மாணவர்கள் நிறைய.

ஆகவே முதல் வாரத்தில் நான் யாரையும் துரத்தவில்லை. பலகையை ஒஹாயோ மாநில மாணவர்களால் நிரப்பி, ஆளுக்கு 5 மணி நேரம் மட்டும் செலவழித்து அவர்களுடைய ஆசைகளைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். இதுவும் பகிர்வது போலத்தான் தெரியும், ஆனால் நோக்கம் வேறு. நண்பர் பகிர்ந்தது அவர்கள் மனதில் இடம்பிடிக்க. நான் பகிர்ந்தது யாரைக் கைவிடலாம் என்று தெரிந்துகொள்ள. மாணவரின் மூன்று ஆசைகளில் இரண்டு அருகாமையும் ஆட வாய்ப்பும் என்று தெரிந்தால் அவர் பலகையில் தங்குவார். பிராண்டும் பட்டமும் என்று தெரிந்த அன்றே நீக்கம், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும்.

நான்கு மாணவர்கள்

விளையாட்டில் வரும் பள்ளி மாணவர்கள் கணினி உருவாக்கியவர்கள். அவர்களில் நான்கு பேரின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

முதலாமவர் கிளீவ்லாந்துக்காரர், மூன்று ஸ்டார் டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு முன்வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்). அருகாமையும் ஆட வாய்ப்பும் அவருக்கு முக்கியம். மூன்றாவது ஆசை ஸ்டேடியத்தின் ஆரவாரம். அதில் நாங்கள் மோசம். அழுத்திச் சொல்லும் வழி எப்படி வேலை செய்கிறது என்றால், நாம் எடுத்துச் சொல்லும் மூன்று விஷயங்கள் அவருடைய மூன்று ஆசைகளோடு பொருந்த வேண்டும், அதிலும் நம் மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். இரண்டும் கூடினால் 40 மணி நேரத்தில் கிடைக்கும் பலன், ஆட்களையெல்லாம் அனுப்பும் 50 மணி நேரப் பலனைத் தாண்டும். பொருந்தாவிட்டால் நேரம் வீண்தான்.

இவர் விஷயத்தில் மூன்றில் இரண்டு பொருந்துகிறது, ஒன்று உதைக்கிறது. ஆசையைத் திருப்ப 30 மணி நேரம் செலவழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று முடிவு செய்தேன். எதிரே நின்றவை எங்களைப் போன்ற கல்லூரிகள்தான். அவர்கள் ஸ்டேடியமும் நிரம்பி வழியவில்லை. மூன்றாவது ஆசையில் எல்லோரும் ஒரே அளவுக்குத் தடுமாறும்போது அதை மாற்ற நேரம் செலவழிப்பதில் அர்த்தமில்லை. அழுத்திச் சொல்ல 40, செய்தி அனுப்ப 10, ஆக 50. வாரம் தவறாமல் அதையே கொடுத்தேன். அவர் சம்மதித்தார்.

இரண்டாமவர் யங்ஸ்டவுனைச் சேர்ந்த டேக்கிள், அதாவது தாக்குதல் வரிசையில் நின்று காப்பவர். இரண்டு ஸ்டார்தான். மாணவரின் உண்மைத் திறனை ஆராயும் ஸ்கவுட்டிங்குக்குத் தனி நிதி கிடையாது. அதே மணி நேரப் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் ஏழைக் கல்லூரிகள் பொதுவாக ஸ்கவுட்டிங்கை வெட்டும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய கல்லூரி ஐந்து ஸ்டார் மாணவரை ஸ்கவுட் செய்தால் தெரிந்ததே உறுதியாகும், அவ்வளவுதான். சிறிய கல்லூரி இரண்டு ஸ்டார் மாணவரை ஸ்கவுட் செய்தால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தெரியவரலாம். இவருக்குப் பச்சை ரத்தின அடையாளம் வந்தது. அதாவது ஸ்டார் சொல்வதைவிட உண்மையில் மேலானவர். போட்டிக்கு வந்தவர்கள் குறைவு என்பதால் முழு 50 தேவைப்படவில்லை. குடும்பத்தோடு பேச வாரம் 25 மணி நேரம், பிறகு மென்மையாகச் சொல்ல 20. பாதி விலையில் முடிந்தது. மிச்சமான நேரத்தில்தான் இன்னொருவரைத் தொடர முடிந்தது.

டேக்கிள் என்ற இடத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. பந்தைப் பிடிக்கும் ரிசீவரையும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கையும் எல்லாரும் துரத்துவார்கள், அவர்கள் பெயர் கண்ணில் படும். ஆனால் தாக்குதல் வரிசையின் பெருத்த உடல்கள் இல்லாமல் குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை எறிய நேரம் கிடைக்காது. குறைந்த செலவில் அதிக பலன் தரும் இடம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இந்த வரிசையைச் சொல்வேன்.

மூன்றாமவரை நான் தொடவில்லை. புளோரிடாவைச் சேர்ந்த நான்கு ஸ்டார் ரிசீவர். அவருடைய பட்டியலின் கடைசியில் எங்கள் இரண்டு கல்லூரிகளின் பெயரும் இருந்தன. ஆசை காட்டும் இடம் இதுதான். நண்பர் மயங்கினார். வாரம் 50 மணி நேரம் கொடுத்தார், பட்டியலில் அக்ரன் மெல்ல மெல்ல மேலே வந்தது. அவர் மகிழ்ச்சியைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சீசனின் நடுவில் புளோரிடாவின் மியாமி பல்கலைக்கழகம் ஒரே வாரத்தில் குதித்து முதலிடத்துக்கு வந்தது, அடுத்த சில வாரங்களில் மாணவர் அங்கே போய்விட்டார். அந்த நேரம் முழுக்க வீண். அதே மணி நேரத்தில் இரண்டு டேக்கிள்களை எடுத்திருக்கலாம். ஒரு மாணவரின் பட்டியலில் நம் பெயர் இருப்பது நமக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம் ஆகாது. அவருக்கு என்ன வேண்டும், அது நம்மிடம் இருக்கிறதா, இன்னும் வராத பெரிய கல்லூரி வந்தாலும் அந்த விஷயத்தில் நாம்தான் மேலா என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். புளோரிடா மாணவருக்கு வீட்டு அருகாமையை ஒஹாயோவால் கொடுக்க முடியாது. அங்கேயே முடிந்தது.

நான்காமவர் கேன்டன்காரர். பள்ளியில் குவார்ட்டர்பேக் ஆடியவர், ஆனால் விளையாட்டு அவரை 'அத்லீட்' என்று வகைப்படுத்தியிருந்தது; அதாவது எந்த இடத்துக்கும் பொருந்தக்கூடியவர். இவருக்காக 50 மணி நேரம் தயங்காமல் கொடுத்தேன். இதற்குக் காரணம் விளையாட்டுக்கு வெளியே, கென்ட் ஸ்டேட்டின் சொந்த வரலாற்றில் இருக்கிறது.

கென்ட் ஸ்டேட் ஏற்கெனவே கண்டுபிடித்த வழி

ஜூலியன் எடல்மன் கென்ட் ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக் ஆடியவர். கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆடிவிட்டு இங்கே வந்தார். என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009-இல் ஏழாவது சுற்றில், 232-ஆவது ஆளாக, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் எடுத்து ரிசீவராக மாற்றியது. 2019 பிப்ரவரியில் நடந்த என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஜோஷ் கிரிப்ஸும் கென்ட் ஸ்டேட் குவார்ட்டர்பேக். பிறகு கிளீவ்லாந்து பிரவுன்ஸில் உதையைப் பிடித்துத் திரும்பி ஓடும் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றார். கென்ட் ஸ்டேட்டில் ஆடிய ஜேம்ஸ் ஹாரிசன் பக்கத்து ஊரான அக்ரனைச் சேர்ந்தவர். 2002-இல் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 2008-இல் என்எஃப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார்.

இந்த மூன்று பேரில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர், இரண்டு பேர் களத்தில் ஆடும் இடம் மாறியவர்கள். பெரிய கல்லூரிகளுக்குப் போகாதவர்களை எடுத்து, ஆட வாய்ப்பு கொடுத்து, அவர்கள் என்னவாக முடியுமோ அதுவாக விட்டது கென்ட் ஸ்டேட். கேன்டன் மாணவரைக் கடைசி வரிசைத் தடுப்பில் ஆடும் சேஃப்டியாக மாற்றலாம் என்று திட்டமிட்டபோது எனக்குள் பெரும் நிறைவு. விளையாட்டில் இட மாற்றத்துக்கு மணி நேரமே செலவாகாது. குவார்ட்டர்பேக் விலை கொடுக்காமல், குவார்ட்டர்பேக்கின் வேகத்தை இன்னொரு இடத்துக்கு வாங்கலாம்.

வளாகத்துக்கு வரவழைக்கும் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் வாரத்தில்தான் அழைக்க முடியும், ஒரு வாரத்தில் நான்கு பேர் வரை. வென்றால் பலன் கூடும், தோற்றால் குறையும். ஒரே இடத்துக்கு இரண்டு பேரை ஒன்றாக அழைத்தால் இருவருக்கும் பிடிக்காது. ஒருவருக்கொருவர் துணையான இடங்கள் என்றால் கூடுதல் பலன். ஆகவே எதிரணி யார் என்று பார்த்துத்தான் அழைக்க வேண்டும். முதல் சீசனின் அட்டவணை நிஜத்தில் இருந்ததே. டென்னசியும் பென் ஸ்டேட்டும் வெளியூர் ஆட்டங்கள் என்பதால் அவமானத்தைக் காண அங்கே எங்கள் விருந்தாளி யாரும் இல்லை. கான்ஃபரன்ஸுக்குள் எங்களால் வெல்ல முடியும் என்று தோன்றிய வீட்டு ஆட்டத்துக்கு டிஃபென்சிவ் எண்டையும் கேன்டன் மாணவரையும் அழைத்தேன். 40 மணி நேரம் என்பது எங்களுக்குப் பெரிய தொகை. கடைசி மூன்று கல்லூரிகளுக்குள் வந்துவிட்டவருக்கு மட்டும்தான் அதைச் செலவழிக்க வேண்டும்.

விளையாட்டில் தெரியாத பணம்

மணி நேரத்தை நாணயமாக வைத்தது நல்ல வடிவமைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிஜத்தில் அந்த மணி நேரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

2022 செப்டம்பரில் கென்ட் ஸ்டேட் வாஷிங்டன், ஓக்லஹோமா, ஜார்ஜியா ஆகிய மூன்று பெரிய அணிகளின் ஊருக்கே போய் ஆடியது. மூன்றிலும் தோல்வி: 45-20, 33-3, 39-22. சிறிய கல்லூரிகள் இப்படிப் போவதற்குக் காரணம், அழைக்கும் கல்லூரி அதற்காகப் பெரிய தொகை தருகிறது என்பது. அந்தப் பணத்தில்தான் விளையாட்டுத் துறை ஓடுகிறது. 71-0 என்ற எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அந்த மாணவர்கள் அடி வாங்கிக் கொண்டுவந்த பணத்தில்தான் மற்றவர்களின் பயணமும் பயிற்சியும்.

அந்த சீசன் முடிந்ததும் கோச் ஷான் லூயிஸ் கொலராடோவுக்குப் போனார். அதைத் தொடர்ந்து குவார்ட்டர்பேக் காலின் ஷ்லீ யுசிஎல்ஏவுக்கும், ரிசீவர் டான்டே சீஃபஸ் பென் ஸ்டேட்டுக்கும், இன்னொரு ரிசீவர் டெவான்டெஸ் வாக்கர் நார்த் கரோலைனாவுக்கும், ரன்னிங்பேக் மார்க்வெஸ் கூப்பர் பால் ஸ்டேட்டுக்கும் மாறினார்கள். வாக்கர் 2024-இல் பால்டிமோர் ரேவன்ஸால் டிராஃப்டில் எடுக்கப்பட்டார். கென்ட் ஸ்டேட் தேடிக் கண்டுபிடித்து வளர்த்ததன் பலன் வேறு கல்லூரிகளுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஒரு வெற்றி, அதற்கடுத்த ஆண்டு பூஜ்யம். மாறிப்போன மாணவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் உடலை வைத்து ஆடுகிறவர்கள், நல்ல வாய்ப்பைத் தேடும் உரிமை அவர்களுக்கு உண்டு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரு கல்லூரி 2025-26-இல் தன் வீரர்களுக்கு 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகவே பகிரலாம் என்று ஆனது. அந்த உச்சவரம்பைத் தொடக்கூடிய கல்லூரிகளும் கென்ட் ஸ்டேட்டும் ஒரே பிரிவில்தான் ஆடுகின்றன.

விளையாட்டு இந்த இழப்பை டாலர் இல்லாமலே காட்டிவிடுகிறது. சேர்ந்த வீரர்களுக்கும் அந்தத் 'தவறினால் போய்விடுவேன்' நிபந்தனை தொடரும். ஆட வாய்ப்புதான் ஒருவரின் நிபந்தனை என்றால், அவர் இடத்துக்கே இன்னும் மூன்று பேரைச் சேர்த்தால் அவர் கிளம்பிவிடுவார். இழந்தவரின் இடத்தை நிரப்ப மறுபடி மணி நேரம் வேண்டும். அதனால் குறைந்த நிதியில் ஆடுகிறவருக்கு யாரைச் சேர்ப்பது என்பதோடு, ஒரே இடத்தில் எத்தனை பேரைக் குவிக்காமல் இருப்பது என்பதும் கணக்கில் சேரும். பெரிய கல்லூரி ஒருவரை இழந்தால் அடுத்தவர் வரிசையில் நிற்பார். எங்களுக்கு அந்த வரிசை இல்லை.

கணக்கு முடிந்தபோது

மாணவர்கள் கல்லூரியோடு ஒப்பந்தம் செய்யும் கையெழுத்து நாள் வந்தபோது நண்பரின் அக்ரன் என்னைவிட அதிகம் பேரைச் சேர்த்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் வென்றார். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கடைசி வாரங்களில் வேறு கல்லூரி கிடைக்காமல் மிஞ்சியவர்கள். கென்ட் ஸ்டேட்டின் பட்டியல் சின்னது. அதில் இரண்டு பக்க வரிசைகளுக்கும் உடனே ஆடக்கூடிய ஒஹாயோ மாணவர்கள் இருந்தார்கள். 'ஆறு பேரும் போய்விட்டால்' என்று அவர் கேட்டாரே, அந்த முதல் ஆறு பேரில் ஒருவர் போகத்தான் செய்தார். பெரும்பாலானவர்கள் தங்கினார்கள். அவர்களுடைய ஆசைகளைத் தெரிந்துகொண்ட பிறகு பந்தயம் கட்டியதால்தான் அப்படி.

என் வழிக்கும் விலை இருந்தது. எதிரணி ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அருகில் நல்லவர்கள் இல்லை, தூரத்தில் இருந்தவர்களுக்கு என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இதற்கு மாற்று வழி சீசன் முடிந்தபின் வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல். நிஜ கென்ட் ஸ்டேட்டை உறிஞ்சிய அதே போர்ட்டல் எதிர்த்திசையிலும் ஓடும்: பெரிய கல்லூரியில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சலித்தவர்கள் வெளியே வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆட வாய்ப்பு. கார்னர்பேக் இடம் காலியாக இருந்ததால் அந்த மதிப்பெண் எங்களிடம் உச்சத்தில் இருந்தது. பலகையின் மற்ற ஆட்களையெல்லாம் நீக்கிவிட்டு போர்ட்டல் வாரங்களின் மொத்த நேரத்தையும் இரண்டு கார்னர்பேக்குகளுக்கே கொடுத்தேன். ஒருவர் வந்தார், ஒஹாயோவில் பிறந்து வெளி மாநிலத்துக்குப் போயிருந்தவர்.

இரண்டாவது சீசனின் பலகையைத் திறந்தபோதுதான் இந்த முறையின் இன்னொரு பக்கம் தெரிந்தது. கிளீவ்லாந்து மாணவரும் அவர் கூட்டாளிகளும் வந்துவிட்டதால் டிஃபென்சிவ் எண்ட் இடத்தில் எங்கள் 'ஆட வாய்ப்பு' மதிப்பெண் சரிந்துவிட்டது. போன வருடம் எதை வைத்து ஆளைப் பிடித்தோமோ, ஆள் வந்ததும் அது தீர்ந்துபோகிறது. அருகாமை மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் இந்த முறை தடுப்பின் முன்வரிசைக்கு ஒருவரைக்கூடப் பலகையில் வைக்கவில்லை. முதல் வார மணி நேரம் முழுவதையும் ஒஹாயோவின் ரிசீவர்களுக்கும் கார்னர்பேக்குகளுக்கும் ஆளுக்கு 5 என்று பிரித்து, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நண்பர் இப்போது அக்ரன் பலகையில் பன்னிரண்டு பேரைத்தான் வைத்திருக்கிறார். அவர்களில் நான்கு பேர் என் பலகையிலும் இருக்கிறார்கள்.